மன்னாரில் கண்ட சின்ன எஞ்சின்

(எமது தோட்ட வாசிகசாலை மண்டபத்தில் பெற்றோருக்கும் இளைஞர் யுவதிகளுக்கும் ஆற்றிய உரை. வேலை காரணமாக வர முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



நலன்புரி உத்தியோகத்தர் கூட்டம் வைக்கிறார் என்றால் என்ன பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும். இரத்தச்சோகை, கக்கூஸ் வசதி, சேமிப்புப் புத்தகம், பிள்ளைகளின் பாடசாலை வரவு. இவைதான் எமது வழக்கமான பேச்சு. இன்று ஒரு எஞ்சினைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் இரண்டு கையிலும் ஏந்திப் பிடிக்கக் கூடிய ஒரு சின்ன எஞ்சின். "ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது எமக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்க, சொல்கிறோம்.

முதலில் எமது குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஸ்டோர் மூலையில் பழுதாகிக் கிடந்த புல் வெட்டுற மெசினை ஒரு பையன் கழற்றிப் போட்டுவிட்டான் என்று முறைப்பாடு வந்தது. பையனுக்குப் பதினாறு வயது. நாம் போய்ப் பார்த்தபோது சாக்கு ஒன்றின் மேலே சின்னச் சின்ன உதிரிகளை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அனுமதி இல்லாமல் தோட்டத்துப் பொருளில் கை வைத்தான் என்று எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தோம். அவனுடைய அப்பாவைக் கூப்பிட்டு, "புள்ளைய இப்பிடி விட்டா கெட்டுப் போயிருவான். கொழும்புல ஏதாவது கடைக்கு அனுப்புங்க அண்ணே" என்று புத்தியும் சொன்னோம். அந்த மனுசன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கய்யா" என்று போய்விட்டார். அந்தக் கடிதம் இன்றைய பேச்சின் கடைசியில் திரும்பி வரும்.

ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு நம்ம தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் போனது நினைவிருக்கும். மடு மாதாவிடம் போகிறவர்களில் வேதக்காரர் மட்டும் இல்லை, நம்ம சைவ ஆட்களும் நேர்த்திக்கடன் வைத்துப் போகிறவர்கள்தான். திருவிழா முடிந்து திரும்பும்போது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, தலைமன்னாரையும் பார்த்துவிடுவோம் என்று பெரியவர்கள் கேட்டார்கள். மன்னார்த் தீவுக்குள்ளே நுழையும் பாலத்தையும் 2010ஆம் ஆண்டு திறந்த புதிய பாலமாகவே கண்டோம். பழைய பாலம் 1990இல் யுத்தத்தில் தகர்ந்தது. வழியில் கழுதைகள் ரோட்டுக்குக் குறுக்கே நிற்கின்றன. பனைமரம், வெள்ளை மணல், உப்புக் காற்று. கரையோரமாகப் பெரிய பெரிய காற்றாடிக் கோபுரங்கள் மின்சாரம் எடுப்பதற்காகச் சுற்றுகின்றன. நம்ம மலைக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை போலத் தெரியும்.

ஆனால் பொருத்தம் உண்டு. நம்ம பாட்டன் பூட்டன் இந்த நாட்டில் கால் வைத்தது அந்தக் கரையில்தான். தொடக்க காலத்தில் வள்ளத்தில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்துவிட்டு மிச்சப் பேர் நடந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயிலும், தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1990இல் ரயில் பாதையும் போனது. 2015 மார்ச் மாதம்தான் மறுபடி தலைமன்னார் துறை வரை ரயில் ஓடியது. மலையகத்துக்கு 200 வருடம் என்று 2023இல் நம்ம சனங்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்ததும் அந்தப் பாதையை நினைத்துத்தான். பழைய இறங்குதுறையில் நின்றபோது நம்ம ஆச்சிமார் சிலர் பேசாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும் வழியில் பேசாலையில் பஸ்ஸின் தண்ணிக் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. டிரைவர் விசாரித்ததில் ஒரு மோட்டார் திருத்துகிற கொட்டிலைக் காட்டினார்கள். கிடுகு வேய்ந்த கொட்டில். உள்ளே மீன்பிடி வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்கள் மரக்கட்டையில் வரிசையாகத் தொங்குகின்றன. அங்கே வேலை செய்கிறவர் ஐம்பது வயது கடந்த ஒருவர். அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே மெக்கானிக் அண்ணன் என்றே சொல்கிறோம்.

குழாயை மாற்றிக்கொண்டிருக்கும்போது நம்ம பையன்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வைஸ் பூட்டிய மேசையின் ஓரத்தில் துணி போட்டு மூடி ஏதோ இருந்தது. அண்ணன் துணியை எடுத்தார். ஒரு செங்கல் அளவுகூட இல்லாத எஞ்சின்! நான்கு சிலிண்டர். நான்கு பிளக். அடியிலே எண்ணெய்த் தட்டு, பக்கத்திலே காபரேட்டர், முன்னாலே பிளைவீல். கடையில் வாங்கியதல்ல. பொழுதுபட்ட பிறகு, கடல் கொந்தளித்து வள்ளம் போகாத நாட்களில், தன் கையாலேயே ஐந்து வருடமாகச் செய்தது.

இப்படிச் செய்வது உலகத்தில் புதிது அல்ல. இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டு "மாடல் இன்ஜினியர்" என்று ஒரு பத்திரிகை தொடங்கியது. தொழிலாளிகளும் எழுதுவினைஞர்களும் வீட்டுப் பின்புறத்துப் பட்டறையில் சின்ன எஞ்சின் செய்வதற்கு வரைபடங்களை அதில் வெளியிட்டார்கள். அதில் எழுதிய எட்கர் வெஸ்ட்பரி என்பவர், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1940களின் பிற்பகுதியில் "சீல்" என்ற ஒரு எஞ்சினை வரைந்து கொடுத்தார். நான்கு சிலிண்டர், பெற்றோலில் ஓடுவது, விளையாட்டுப் படகுக்கானது. நான்கு சிலிண்டரும் சேர்ந்து 15 கன சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒரு சிலிண்டருக்கு நாலுகூட இல்லை. மருந்து குடிக்கும் தேக்கரண்டி 5 கன சென்டிமீட்டர் பிடிக்கும். ஒரு கரண்டி மருந்தைக்கூட அந்தச் சிலிண்டர் தாங்காது! கப்பலில் வேலை செய்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த பழைய பிரதி ஒன்றைப் பார்த்துத்தான், அங்குலக் கணக்கை மில்லிமீட்டராக மாற்றி, மன்னார் அண்ணன் தன் எஞ்சினைத் தொடங்கினார்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரியாத தாய்மாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள்ளே மேலும் கீழும் போய் வருவது பிஸ்டன். பிஸ்டன் முதல் தரம் கீழே இறங்கும்போது காற்றும் பெற்றோல் ஆவியும் உள்ளே வரும். மேலே ஏறும்போது அதை அமுக்கும். அந்த நேரம் பிளக்கில் பொறி தட்டும். பற்றி விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது புகை வெளியே போகும். நான்கு ஓட்டத்தில் ஒரே ஒரு ஓட்டம்தான் வேலை கொடுக்கும். மற்ற மூன்றும் அதற்கான தயார்ப்படுத்தல்.

ஒரு சிலிண்டர் மட்டும் இருந்தால் எஞ்சின் குதிக்கும். ஏன் நான்கு வேண்டும்? உரலில் மாவு இடிப்பதை நினைத்துப் பாருங்க. ஒருத்தி மட்டும் இடித்தால் குத்துக்கும் குத்துக்கும் நடுவே இடைவெளி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிப் போட்டால் சத்தம் அறாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் முதலாவதும் நான்காவதும் ஒன்றாக மேலே வரும். நடுவில் இரண்டும் அந்த நேரம் கீழே இருக்கும். பொறி தட்டும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. பிளைவீல் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு குத்து விழும். அதனால்தான் கார் எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உலக்கை பிடிக்கிறவர்கள் தாளம் தவறினால் என்ன ஆகும்? உலக்கையும் உலக்கையும் மோதும். எஞ்சினிலும் அதே கதைதான்.

சரி, பெரியது செய்ய முடியும் என்றால் சின்னது செய்வது லேசுதானே என்று நாமும் நினைத்தோம். அண்ணன் சிரித்தார். "சின்னதுதான் ஐயா கஷ்டம்" என்றார். அதற்கு இரண்டு காரணம் உண்டு.

முதல் காரணம் சூடு. மலைக்குக் கொண்டு போகிற வாளித் தேத்தண்ணி வெகுநேரம் சூடாக இருக்கும். அதையே சின்னக் கோப்பையில் ஊற்றினால் ஆறிப் போகும். ஒரு பொருளின் நீள அகல உயரத்தைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு நாலில் ஒரு பங்காகும். உள்ளே பிடிக்கிற கொள்ளளவோ எட்டில் ஒரு பங்காகும். அதாவது உள்ளே எரிகிற நெருப்பு குறைகிற அளவுக்கு, சூட்டை வெளியே விடுகிற சுவர் குறைவதில்லை. அதனால் சின்ன எஞ்சின் தன் சூட்டைச் சுவருக்கே கொடுத்துவிட்டுக் களைத்துப் போகிறது.

இரண்டாவது காரணம் கசிவு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி எஞ்சின் சின்னதாகிறது என்பதற்காகத் தானாகக் குறையாது. அந்த எஞ்சினில் சிலிண்டரின் துளை 16 மில்லிமீட்டர் அளவு. அதற்குள்ளே இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கலாம். நம்ம தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பாதிகூட இல்லை. அதைவிடக் கூடினால் அமுக்கம் தப்பிவிடும். குறைந்தால் சூட்டில் வீங்கி இறுகிவிடும்.

இனி, செய்த விதம். அவரிடம் இருந்தது பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு சின்னக் கடைசல் மெசின், ஒரு துளை போடும் மெசின், வைஸ், அரம், ஒரு மைக்ரோமீட்டர். அவ்வளவுதான். சிலிண்டர் துண்டை உடைந்த டீசல் எஞ்சினின் பிளைவீலிலிருந்து வெட்டி எடுத்தார். அது வார்ப்பிரும்பு. தேய்மானம் தாங்கும், எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துளையைக் கடைந்த பிறகு மிக நுண்ணிய சாணைப் பசையைப் பூசி, ஒரு கட்டையைச் சுழற்றிச் சுழற்றிக் கண்ணாடி போல ஆக்கினார். நான்கு துளைக்கும் நான்கு நாளல்ல, நான்கு கிழமை.

பிஸ்டனுக்குப் பழுதான வள்ள எஞ்சின் பிஸ்டன்களை உருக்கி வார்த்தார். பிஸ்டன் அலுமினியம் சாதாரணச் சட்டி அலுமினியம் இல்லை. சூட்டில் குறைவாக வீங்கும்படி கலவை சேர்த்தது. இங்கே தம்பிமாருக்கு ஒரு எச்சரிக்கை. அலுமினியம் 660 பாகை சதமளவில் உருகும். ஈரமான அச்சிலோ சீமெந்துத் தரையிலோ ஒரு துளி பட்டாலும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்து முகத்தில் அடிக்கும். லயத்துக் குசினியில் இந்த வேலையை யாரும் செய்து பார்க்கக் கூடாது. இது கட்டாயம்.

எல்லாவற்றிலும் கடினமானது கிரேங்க். நேராக உள்ள ஒரு உருக்குக் கம்பியைக் கடைந்து வளைவு வளைவாக எடுக்க வேண்டும். பழைய லொறி எக்சல் துண்டின் இரண்டு முனையிலும் மூன்று புள்ளிகள் குறித்தார். நடுவில் ஒன்று; அதற்கு மேலே ஒன்பதரை மில்லிமீட்டரில் ஒன்று, கீழே ஒன்பதரை மில்லிமீட்டரில் ஒன்று. நடுப்புள்ளியில் மாட்டிச் சுழற்றினால் நேரான பாகங்கள் வரும். மேல் புள்ளியில் மாட்டிச் சுழற்றினால் முதலாவது, நான்காவது பிஸ்டனுக்கான இடம் வரும். கீழ்ப் புள்ளியில் மற்ற இரண்டும். கடையக் கடையக் கம்பி மெலிந்து நெளியப் பார்க்கும். அதற்காக இடைவெளிகளில் ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். முதல் கிரேங்க் நெளிந்துவிட்டது. இரண்டாவது, கடைசி வெட்டில் அளவு பிழைத்துவிட்டது. இரண்டையும் எறியாமல் சுவரில் ஆணி அடித்துத் தொங்க விட்டிருக்கிறார். "எறிஞ்சா மறந்துபோயிரும் ஐயா" என்றார். மூன்றாவதுதான் எஞ்சினில் இருப்பது.

வால்வு வேலை இன்னொரு பொறுமை. வால்வின் விளிம்பும் அது உட்காரும் இடமும் 45 பாகைச் சரிவில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். பசை பூசித் தேய்த்து, பிறகு வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். ஒரு துளி ஒழுகினாலும் மறுபடி தேய்ப்பு. வால்வைத் திறக்கிற தண்டு கிரேங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குப் பல்லுச் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. பொறிக்கு ஒரு பழைய மோட்டார்சைக்கிள் கொயில்.

"அண்ணே, ஓட்டிக் காட்டுங்களேன்" என்று நம்ம பையன்கள் விடவில்லை. பெற்றோல் சில துளி ஊற்றிக் கயிறு சுற்றி இழுத்தார். ஓடவில்லை. இருபது நிமிடம் போனது. காபரேட்டர் ஊசியைக் கொஞ்சம் திருகினார். பெற்றோல் ஒரு பங்குக்கு நிறைப்படி ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பற்றாது. மறுபடி இழுத்தார். பற்றிக்கொண்டது! ஆனால் சத்தம் நொண்டியது. நாலில் ஒன்று வேலை செய்யவில்லை என்று எமக்கே கேட்டது. எது என்று எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? புகை போகும் நான்கு குழாயிலும் விரலால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி விட்டார். மூன்றில் சுர் என்று ஆவியானது. இரண்டாவதில் சொட்டு அப்படியே நின்றது. எரியாத சிலிண்டர் சுடாது. பிளக்கைக் கழற்றினார், கரியைத் துடைத்தார், போட்டார். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் தையல் மெசின் போல ஓடியது. நம்ம பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. எஞ்சினிலேயே காதை வைத்துக்கொண்டிருந்தார்.

நம்ம ஆட்களில் ஒருவர் கேட்டார்: "அண்ணே, அஞ்சு வருசம் செலவழிச்சிருக்கீங்க. இத வச்சு என்னா செய்யப் போறீங்க?" நியாயமான கேள்விதான். எமக்கும் மனதில் அதுதான் இருந்தது.

அவர் சொன்னார்: "இதை வச்சு ஒண்டும் செய்யப் போறதில்லை. ஆனா இதில பழகின கைக்குப் பெரிய எஞ்சின் பயமில்லை. கடலில எஞ்சின் நிண்டா ரோட்டில பஸ் நிண்ட மாதிரி இல்லை பாருங்கோ. இறங்கி நடக்க ஏலாது."

அந்தப் பக்கத்து மக்களுக்கு எஞ்சின் அறிவு ஆடம்பரம் இல்லை. 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காத காலம் இருந்தது. பெற்றோலுக்குச் செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே பற்றி உள்ளே இடிக்கும் என்பதால் அமுக்கத்தைக் குறைக்கும் வழியும் கண்டார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. எஞ்சின் எதனால் ஓடுகிறது என்று புரிந்தவனுக்கு எது இல்லாவிட்டாலும் ஒரு வழி தெரியும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதே, நம்ம லயங்களில் அடுப்பும் விளக்கும் பட்ட பாடு மறந்திருக்காது. அங்கே கடலுக்குப் போவதே அந்த எண்ணெயில்தான். ஒரு கோப்பை எண்ணெயை மிச்சம் பிடிக்கிற மாதிரி எஞ்சினைச் சரிப்படுத்தத் தெரிந்தவர் அன்றைக்கு அந்தக் கரைக்கே வைத்தியர் மாதிரி.

பேச்சோடு பேச்சாக அவர் எந்தத் தோட்டம் என்று எம்மைக் கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கட அம்மாவும் கொழுந்து எடுத்தவதான்" என்றார். 1977 கலவரத்தில் புசல்லாவைப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்த குடும்பம். அப்படி 1977இலும் 1983இலும் வடக்கு நோக்கிப் போன நம்ம குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, மன்னார் என்று பரந்து இருக்கின்றன. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பதின்மூன்று வயதில் வள்ளக்கரை மெக்கானிக் ஒருவரிடம் சாவி எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தார். "நான் முதல் நாள் ஒரு காபரேட்டரைக் கழட்டிப்போட்டன். அந்த மனுசன் அடிப்பார் எண்டு நினைச்சன். அடிக்கேல்லை. திருப்பிப் பூட்டு எண்டார். பூட்டி முடிக்க ராப் பத்து மணி" என்றார்.

அந்த வார்த்தை எம்மைச் சுட்டது. திருப்பிப் பூட்டு என்று சொல்ல எமக்குத் தோன்றவில்லையே!

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1893இல் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு ஒழுங்காக இல்லை. வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார்சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கி ஓட்டித் திரியவில்லை. கழற்றிப் பூட்டிப் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கினார். 1937இல் இந்தியாவிலேயே செய்த முதல் மின்சார மோட்டார் என்று பெயர் பெற்ற மோட்டார் அவருடைய முயற்சியில் வெளிவந்தது. அவர் மோட்டார்சைக்கிளைக் கழற்றிய நாளில் ஒரு நலன்புரி உத்தியோகத்தர் வந்து எச்சரிக்கைக் கடிதம் எழுதாமல் இருந்தது கோயம்புத்தூரின் அதிர்ஷ்டம்.

மன்னாரிலிருந்து வந்த மறுநாள் நாம் அந்தப் பையனின் லயத்துக்குப் போனோம். அவன் கொழும்புக்குப் போகத் துணி மூட்டை கட்டி வைத்திருந்தான். அவனை ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போய், சாக்கில் சுற்றிக் கிடந்த உதிரிகளைக் காட்டி, "திருப்பிப் பூட்டு தம்பி" என்றோம். அவன் எம்மை நம்பவில்லை. நாம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் எடுத்தான். முடிந்தபோது தரையில் ஒரு ஆணி மிச்சம் இருந்தது. "இது எங்கே போகும் தெரியுமா?" என்று கேட்டோம். "தெரியுங்கய்யா. புரி தேஞ்சி போச்சு, போட்டா நிக்காது. அதான் போடல" என்றான். காபரேட்டரின் சின்னத் துவாரத்தில் பழைய பெற்றோல் பிசின் மாதிரி காய்ந்து அடைத்திருந்ததாம். அதைச் சுத்தம் செய்யத்தான் கழற்றினானாம். புதிதாக எண்ணெய் கலந்த பெற்றோல் ஊற்றி, கயிற்றை மூன்றாம் தரம் இழுத்தபோது மெசின் ஓடியது.

அந்தக் கடிதத்தை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவனுடைய அப்பாவிடமும் போய், "அண்ணே, நாங்க பிழையாச் சொல்லிட்டோம்" என்று சொன்னோம். அவர் அன்றைக்கும் "சரிங்கய்யா" என்றுதான் சொன்னார். ஆனால் இந்தத் தரம் தலையைக் குனியவில்லை.

இனி நாம் என்ன செய்யலாம்? பேச்சோடு நிற்கக் கூடாது.

ஒன்று, ஓடாத மெசின், உடைந்த மின்விசிறி, பழைய சைக்கிள், இறைக்காத தண்ணிப் பம்பு என்று வீசப்படுகிற பொருட்களை வாசிகசாலையின் பின்னறையில் சேர்க்கப் போகிறோம். சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகள் அங்கே கழற்றலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கழற்றியதைத் திருப்பிப் பூட்ட வேண்டும். ஓடுகிற மெசினையும் பிறர் பொருளையும் கேட்காமல் தொடக் கூடாது. பொம்பளப் புள்ளைகளும் வர வேண்டும். கொழுந்து எடுக்கிற விரலுக்கு இருக்கிற நிதானம் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் உதவும்.

இரண்டு, பாதுகாப்பு. மூடிய அறைக்குள்ளே எந்த எஞ்சினையும் ஓட்டக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். பெற்றோலும் விளக்கும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. சுற்றுகிற மெசின் பக்கத்தில் தாவணி, நீள முடி, தளர்ந்த கைச்சட்டை வேண்டாம்.

மூன்று, சான்றிதழ். நம்ம பிள்ளைகளில் பலர் சாதாரண தரத்தில் சித்தி பெறவில்லை என்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமை முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே தொழில் பழகியவரையும் செய்முறையாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி அதில் உண்டு. நைற்றா என்று சொல்லப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் இதை விசாரிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் உண்டு. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் எம்மிடம் வாருங்கள். அது எமது வேலை. உங்களுக்குச் செய்கிற உதவி அல்ல.

மன்னார் அண்ணனிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. இந்த வயதில் எதற்கு என்று கேட்டார். உங்களிடம் தொழில் பழகுகிற பையனுக்காக எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

பெற்றோர்களே, கடைசியாக ஒரு வார்த்தை. நம்ம முன்னோர் அந்தக் கரையில் இறங்கியபோது அவர்களுடைய கையை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். கை எத்தனை றாத்தல் எடுக்கும் என்று மட்டும் பார்த்தார்கள். அந்தக் கைக்கு வேறு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இருநூறு வருடம் கழித்து நாமும் நம்ம பிள்ளையைப் பார்த்து அதைக் கேட்காமல் இருந்தால் குற்றம் நம்முடையது. உங்கள் பிள்ளை வீட்டில் றேடியோவைக் கழற்றினால் உடனே கையை ஓங்காதீர்கள். பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்காருங்கள். ஒரு கோப்பை தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுங்கள். பிறகு சொல்லுங்கள்: "சரி, திருப்பிப் பூட்டு."

வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். அந்தப் பையன்தான் சாவி வைத்திருப்பான்.